வெள்ளம் வந்த பிறகு லட்சம்! வருவதற்கு முன் எவ்வளவு?

(தென்னூரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சுற்றுச்சூழலுக்கும் வன உயிர்களுக்கும் பாடுபடும் அமைப்புகளுக்கு மாதச் சந்தா கொடுப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குற்றம் சொல்லவில்லை. சிரிப்புக்குப் பின்னால் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை, படித்தவனுக்கு வேலையில்லை, விதவைகளுக்கு உதவித்தொகை போதவில்லை. இத்தனைக்கும் நடுவில் கழுகுக்கும் ஆமைக்குமா காசு கொடுக்கச் சொல்கிறாய் என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் வசூலைப் பற்றிப் பேசுவது முறையல்ல.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பது நாடறிந்த செய்தி. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். அண்டா அண்டாவாகச் சமைத்து, யார் என்ன மதம் என்று பார்க்காமல் பரிமாறினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது திருச்சியிலிருந்து அரிசி மூட்டையும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு டெல்டாவுக்குப் போன வண்டிகள் எத்தனை! ஒரு ஜும்ஆவில் வாசலில் துண்டை விரித்தால் போதும், பணம் வந்து விழும். அல்ஹம்துலில்லாஹ், கொடுப்பதில் நம் கை சுருங்கியதே இல்லை.

ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்? தென்சென்னையில் பெய்கிற மழையைத் தாங்கிக்கொள்ளும் தொட்டியாக இருந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதில் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று அங்கே குடியிருந்த சிலர் கூட்டமாகச் சேர்ந்து மனு எழுதினார்கள், நடையாய் நடந்தார்கள். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதில் அவர்கள் உழைப்புக்கும் பங்குண்டு. அந்தச் சிலருக்கு அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்கவும் வக்கீலைப் பார்க்கவும் மாதா மாதம் கொஞ்சம் பணம் போயிருந்தால் இன்னும் எத்தனை ஏக்கர் தப்பியிருக்கும்! வெள்ளம் வந்த பிறகு லட்சம் லட்சமாகக் கொடுத்த நாம், வருவதற்கு முன் பத்து ரூபாய் கொடுக்கவில்லை. நாம் மட்டுமல்ல, எந்தச் சமுதாயமும் கொடுக்கவில்லை. அது நமக்கு ஆறுதலாகிவிடுமா?

சென்னைக் கதை எதற்கு? நம் ஊருக்கு வாருங்கள். 1977 நவம்பரில் திருச்சி மூழ்கியது இங்கே முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகித் தெருக்களுக்குள் வந்ததை இளைஞர்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். பள்ளமான இடங்களில்தான் தண்ணீர் முதலில் நிற்கும். பள்ளமான இடத்தில்தான் வாடகை குறைவு. வாடகை குறைந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள்? கழுகுக்கும் ஆமைக்குமா என்று கேட்டவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். சுற்றுச்சூழல் கெட்டால் அடி விழுவது முதலில் ஏழை மீது. அதில் நம் சமுதாயத்து ஏழையும் இருக்கிறான்.

நம் உய்யக்கொண்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டியது என்று சொல்கிறார்கள். ஆயிரம் வருஷமாக ஓடுகிறது. பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேரும் வாய்க்கால். நகரத்துக்குள் நுழைந்ததும் அது என்ன பாடுபடுகிறது என்று பாலத்தில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர்கள் நாம். பிளாஸ்டிக் பையில் கட்டிய கழிவு, கோழிக்கடை இறகு, கல்யாண வீட்டு எச்சில் இலை. கோழிக்கடை யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். இந்த வாய்க்காலைச் சுத்தம் செய்ய அவ்வப்போது தன்னார்வலர்கள் இறங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருவார்கள், பேப்பரில் படம் வரும். மறு மாதம் வண்டி வாடகைக்கும் கையுறைக்கும் காசில்லாமல் வேலை நின்றுவிடும். வாய்க்காலுக்கு மட்டும் விடுமுறை கிடையாது, நாம் கொட்டிக்கொண்டே இருக்கிறோம்.

இங்கேதான் மாதச் சந்தா என்ற பேச்சு வருகிறது. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்து வரும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். தொழுகையைப் பற்றிப் பேசும்போது அதை நினைக்கிறோம், பணத்தைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மிருகமோ தின்றாலும் அது அவனுக்குத் தர்மம் என்பதும் நாம் அறிந்ததுதான்.

மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. மஹல்லா சந்தா இருக்கிறது. மதரஸாவுக்குப் பிடியரிசி எடுத்து வைத்த தாய்மார்கள் இருந்தார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி தனிப் பானைக்குப் போகும், வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து வாங்கிப் போவார். வணிகர்கள் விற்பனையில் சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பொதுக்காரியம் செய்த வழக்கம் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் உண்டு. விருதுநகர் நாடார் வணிகர்கள் அந்த மகமைப் பணத்தில் பள்ளிக்கூடமே நடத்திக் காட்டினார்கள். நம் ஊரில் 1951இல் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது யாரால்? ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்கள்தானே? கல்லூரிக்குத் திறந்த கல்லாப்பெட்டி வாய்க்காலுக்கும் கொஞ்சம் திறக்கட்டும் என்கிறேன். கல்லூரிக்கு நிறுத்திவிட்டு இதற்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சலீம் அலி. 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். பொம்மைத் துப்பாக்கியால் குருவி சுடுவது பையனுக்கு விளையாட்டு. ஒருநாள் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். 1883இல் தொடங்கிய சங்கம் அது. அதன் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகம் கொடுத்தார். இந்தியப் பறவையியலின் தலைமகன் அன்றைக்குத்தான் உருவானார்.

இதில் சலீம் அலியை எல்லோரும் பாராட்டுவார்கள். நான் பாராட்ட விரும்புவது மாமாவை. அவர் பறவை ஆராய்ச்சியாளர் அல்ல. வருஷச் சந்தா கட்டி ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தார், அவ்வளவுதான். அந்தச் சந்தா ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது, மருமகன் அதன் வழியே நடந்து போனான். இங்கே உட்கார்ந்திருக்கும் மாமுமார்களே, உங்கள் மருமகன்களுக்கு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்?

சலீம் அலி பர்மாவுக்குப் போய்க் குடும்ப வியாபாரத்தையும் பார்த்தார். அது சரிப்படவில்லை. (வியாபாரத்தில் தோற்றவனுக்கு உலகமே முடிந்துவிட்டது என்று நினைக்கும் நம் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்!) ஓர் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், பணமில்லை என்று அந்த வேலையும் போயிற்று. பிறகு, செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம் என்று சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புச் செய்தார். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் சங்கமே நிதியின்றித் தள்ளாடியபோது நேருவுக்கு எழுதி உதவி பெற்றுத் தந்தவரும் அவர்தான். நம் கோடியக்கரையில் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு அனுப்பும் வேலையை அந்தச் சங்கம் செய்தது. அவர் 1987இல் இறந்தார். 1990இல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆராய்ச்சி மையம் வந்தது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வழி தெரிந்த நம் பிள்ளைகளில் கோடியக்கரைக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

மொத்தமாக ஒரு தடவை கொடுத்துவிட்டால் என்ன என்று வணிகர்கள் கேட்பீர்கள். கடை நடத்துகிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெருநாள் வியாபாரம் மட்டும் இருந்து மற்ற மாதம் கல்லா காலியாக இருந்தால் கடைப் பையனுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பீர்கள்? அந்த அமைப்புகளின் நிலையும் அதுதான். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். ஜனவரி தொடங்கிச் சில மாதங்கள், இரவு முழுவதும் மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டுப் போன குழியைக் கண்டுபிடித்து, நாயும் மனிதனும் தொடாத வேலிக்குள் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஆமைகள் வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் செத்து, சென்னைக் கரையில் ஒதுங்கின. இந்த வேலையை ஒரு வருஷம் செய்துவிட்டு மறுவருஷம் நிறுத்த முடியுமா? ஆமை அறிவிப்புப் பார்த்து வருவதில்லையே!

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கேளுங்கள். பிணந்தின்னிக் கழுகு, பாறு என்று நாம் சொல்லும் பறவை நம் நாட்டில் 1990களுக்கு முன் கோடிக்கணக்கில் இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு வகைப் பாறில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டது. காரணம் தெரியாமல் தவித்தார்கள். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குப் போடுகிறார்கள், அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது என்பது 2004இல்தான் தெரிந்தது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பாறு போனதும் செத்த மாடுகளைத் தின்ன நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி பெருகியது, கிணற்றிலும் ஆற்றிலும் அழுகல் கலந்தது. 2000 முதல் 2005 வரை இதனால் நாட்டில் கூடுதலாக ஐந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கழுகுக்கா காசு என்று சிரித்தோமே, கழுகு செய்த வேலைக்கு நாம் கூலி கொடுத்ததே இல்லை! தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவை முதுமலை, மாயாறு, சத்தியமங்கலம் பக்கம்தான். கோவையிலிருந்து அருளகம் என்ற அமைப்பு ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்பவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பஸ் கட்டணமும் துண்டுப் பிரசுரமும்தான் அதில் பெரும் செலவாக இருக்கும். அதை யாராவது தர வேண்டும்.

சாதாரண மக்கள் காசு சேர்த்தால் காரியம் நடக்குமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் பேராவூரணிக்குப் போய்ப் பாருங்கள். கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பின், 2019இல் அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற சங்கமாகச் சேர்ந்தார்கள். (பெயரைக் கேட்டு அரபிச் சொல் என்று மகிழ்ந்துவிடாதீர்கள், ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான்.) 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரிய ஏரியைத் தூர்வார அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஊரிலும் வெளிநாட்டிலும் இருந்த சொந்தக்காரர்களிடம் காசு கேட்டார்கள். வந்தது. ஏரி நிறைந்தது. பிறகு பல ஊர் ஏரிகளுக்கும் போனார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம். நம் மக்கள் நிறைந்த கடலோர ஊர்கள். அந்தக் கடலில்தான் கடற்பசு மேய்கிறது. கடல்புல்லைத் தின்று, பால் கொடுத்துக் குட்டியை வளர்க்கும் சாதுவான பிராணி. இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்துச் சில நூறுதான் மிச்சம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிக்க மீனவர் வலையை அறுக்க வேண்டியிருக்கிறது. வலை என்ன விலை என்று மீனவனைக் கேளுங்கள். அரசு வெகுமதி கொடுக்கிறது, சரி. அறுத்த வலைக்கும் போன ஒருநாள் பாட்டுக்கும் உடனே உதவ உள்ளூரில் ஒரு நிதி இருந்தால் அந்தக் கை தயங்காமல் கத்தியை எடுக்கும். அதற்கு நாம் உதவலாமே.

மனதுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. தோல் தொழில் அங்கே எவர் கையில் அதிகம் என்று நமக்குத் தெரியும். லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கழிவு நீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும். பின்னர் நடந்த கணக்கெடுப்பில் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 29 ஆயிரம் பேர் என்று தெரிந்தது. 2025 ஜனவரியிலும் இதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தக் கிணறுகளில் தண்ணீர் குடித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆலையில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்களிலும் நம்மவர்கள் உண்டு. ஆகவே இந்த அமைப்புகள் நமக்கு எதிரிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாளிக்கு வேண்டுமானால் தலைவலியாக இருந்திருக்கலாம், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்காகத்தான் அது வழக்குப் போட்டது.

இனி நடைமுறை. ஜகாத் பணத்தை இதற்குத் தொடாதீர்கள். அது எட்டு வகையினருக்கு என்று வரையறுக்கப்பட்டது, அவர்கள் உரிமை. இது விருப்ப தர்மம், ஸதகா. கணக்கைத் தனியாக வையுங்கள். இதற்காக ஏழை வீட்டுக்குப் போகிற பணத்தில் கை வைக்கவும் வேண்டாம். தேநீருக்கும் பிரியாணிக்கும் போகிற பணத்தில் கை வைத்தால் போதும். நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் முந்நூறு, வருஷம் 3,600. தென்னூர், தில்லைநகர், சிங்காரத்தோப்பு, பெரிய கடைவீதி பக்கம் இருநூறு கடைகள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் மாதம் இருபதாயிரம், வருஷத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். கடைக்காரருக்கு அது சில்லறை. ஒரு சிறு அமைப்புக்கு வருஷம் முழுக்க ஆள் வைத்து வேலை செய்யும் பலம்.

யாருக்குக் கொடுப்பது? பேனரில் படம் பெரிதாகப் போடுகிறவருக்கு வேண்டாம். ஆயிரம் மரக்கன்று நட்டோம் என்பவரிடம் போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொன்னால் கொடுங்கள், பேச்சை மாற்றினால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பதிவு செய்த அமைப்பா, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்களா, வருஷ அறிக்கை உண்டா என்று பாருங்கள். சரக்கு வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறீர்கள், இதற்கும் கேளுங்கள். ரசீது வாங்குங்கள். வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது, புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கும் கிடைக்காது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கியில் சொல்லி வைத்தால் மாதம் ஒரு தேதியில் தானாகவே போய்விடும், நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம் அவர்களுக்குக் கொட்டுகிறதே என்பார்கள் சிலர். அந்தக் காலம் போய்விட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்திய பின், பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. ஊர்க்காரன் கொடுத்தால்தான் ஊர்க்காரியம் நடக்கும் என்ற நிலை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: நம் காசு போகும் இடத்தில் நாம் கேள்வி கேட்கலாம்.

காசு கொடுக்க முடியாத இளைஞர்கள் வருத்தப்பட வேண்டாம். மாதம் ஒரு காலைப் பொழுதைக் கொடுங்கள். குளத்தில் கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடித்து விற்பவனிடம் வாங்காதீர்கள், வீட்டில் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுமே குற்றம். ஸ்ரீரங்கம் மேலணைக் காட்டில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தம்பி தங்கைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். செல்போனில் படம் எடுக்க அல்ல, பெயர் தெரிந்துகொள்ள.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் கடை இருக்கும் தெருவை மட்டும் எழுதுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். முடிந்த தொகையை மட்டும் எழுதுங்கள். ஆயிரம் என்று எழுதி மூன்றாம் மாதம் நிறுத்துகிறவரைவிட ஐம்பது என்று எழுதுகிறவரிடம் நாங்கள் சந்தோஷமாக வருவோம். சேரும் பணம் எந்த அமைப்புக்குப் போவது என்பதை அடுத்த மாதம் இதே இடத்தில் நீங்களே கூடி முடிவு செய்யலாம், கணக்கும் அன்றைக்கே வாசிக்கப்படும். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.